கண்டிக் குளக்கரையில் ஒரு விசாரணை

எனக்கு இருபத்தாறு வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மொட்டைக் கடிதத்தின் காரணமாக நான் கண்டி பார்க்கப் போனேன். அதற்கு முன் ஆனையிறவுக்குத் தெற்கே நான் போனதில்லை. போக வேண்டும் என்று யாரும் சொன்னதும் இல்லை.

அப்போது நான் யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் சைவம். பள்ளிக்கூடம் காலையில் செபத்தோடு தொடங்கும். நான் நெற்றியில் திருநீற்றோடு கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். இரு பக்கத்தாருக்கும் அதில் குறை இருக்கவில்லை. என்னோடு படித்தவர்களில் சிலருடைய பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்தின் கீழ் வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் தாய்மார் என்னைப் பார்த்து, "இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?" என்று கேட்பார்கள். நான் "இல்லை" என்பேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். ஐயா, பெரியம்மா, நான். எனக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போது அம்மா இறந்துபோனார். அம்மாவின் தமக்கையான பெரியம்மா அதற்கு முன்பே கைம்பெண்ணாகியிருந்தார். எங்களைப் பார்த்துக்கொள்ள வந்து அப்படியே தங்கிவிட்டார். ஐயா றெயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து பென்ஷன் எடுத்தவர். பென்ஷன் எடுத்த பிறகும் எங்கள் வாசல் படலையைக் கடந்து போகிறவர்களின் நேரத்தைத் தன் மணிக்கூட்டில் பார்த்துக்கொள்வார். பால்காரன் ஆறு நிமிஷம் பிந்தினால் காரணம் கேட்பார். பால்காரன் காரணம் சொல்வான்.

அந்த வருஷம் தென்மராட்சியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு முப்பத்தொரு வயது. கண்டியில் நில அளவைக் கந்தோரில் படம் வரைகிற உத்தியோகம். தகப்பன் இல்லை, தாயும் இரண்டு தங்கைமாரும் ஊரில். சாதகம் பொருந்தியது. படம் வந்தது. படத்தில் அவர் ஒரு கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார். கதிரையில் ஒருவரும் இல்லை.

"ஆள் கொஞ்சம் மெலிவு," என்றார் பெரியம்மா.

"கதிரையோடை வைச்சுப் பாத்தால் நல்ல உயரம்," என்றார் ஐயா.

அதற்குப் பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. கண்டித் தபால் முத்திரை. எழுதியவர் பெயர் இல்லை. தங்கள் மகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை தினமும் மாலை வேளையில் ஒரு பெண்ணுடன் கண்டிக் குளத்தைச் சுற்றி வருகிறார், விசாரித்து அறியவும் என்று மட்டும் அழகான எழுத்தில் எழுதியிருந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணப் பேச்சு என்றால் மொட்டைக் கடிதமும் வரும். அது வராத சம்பந்தத்தைத்தான் சனங்கள் சந்தேகித்தார்கள். கடிதம் வந்ததும் பெரும்பாலான தகப்பன்மார் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஐயா முப்பது வருஷம் பயணிகளின் முறைப்பாடுகளை விசாரித்தவர். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"போய்ப் பாத்தால் தெரியும்," என்றார்.

"நானும் வாறன்," என்றேன்.

"பொம்பிளை மாப்பிளை பாக்கப் போறதோ?"

"நான் குளம் பாக்கப் போறன்."

குசினிக்குள்ளிருந்து பெரியம்மா சொன்னார்: "குமரைத் தனிய விட்டிட்டுப் போகேலாது. கூட்டிக்கொண்டு போறதெண்டால் நானும் வரத்தான் வேணும். ராசாவின்ரை அரமனையையும் ஒருக்காப் பாத்திட்டு வரலாம்."

பள்ளிக்கூட விடுதலையில் புறப்பட்டோம். ஐயாவுக்குக் காசில்லாமல் பயணம் செய்ய றெயில்வே வாறண்டு இருந்தது. விடியற்காலைக் கோச்சி. பெரியம்மா பிட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் வாழையிலையில் கட்டி, நாலு நாளைக்குக் காணும்படி முறுக்கும் எள்ளுருண்டையும் எடுத்துக்கொண்டார். வழியில் ஒவ்வொரு நிலையத்திலும் ஐயா தலையை வெளியே நீட்டி மணிக்கூட்டைப் பார்த்தார். வவுனியாவுக்குக் கோச்சி நான்கு நிமிஷம் பிந்திப் போனது. அதை அங்கே நின்ற ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொன்னார். அவர் தனக்குத் தெரியும் என்றார்.

பொல்காவலையில் இறங்கிக் கண்டிக் கோச்சிக்கு மாறினோம். அதன் பிறகு பாதை மலையில் ஏறியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. குகைக்குள் கோச்சி நுழையும்போதெல்லாம் பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். குகை இருட்டாகத்தான் இருந்தது; கண்ணை மூட வேண்டிய தேவை இருக்கவில்லை. பொழுதுபடக் கண்டியில் இறங்கி, பிள்ளையார் கோயிலை அடுத்திருந்த யாத்திரிகர் மடத்தில் தங்கினோம்.

விசாரணை மாலையில்தான் நடக்க முடியும் என்பதால் பகலில் நகரம் பார்த்தோம். கண்டி மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணத்துக்குள் இருப்பதுபோல இருந்தது. கிண்ணத்தின் அடியில் குளம். குளத்தின் கரையோரம், அலைபோல வளைந்து வளைந்து போகும் வெள்ளை மதில். மதிலில் விளக்கு வைக்க முக்கோண மாடங்கள். அதற்கு அப்பால் தலதா மாளிகையும் எண்கோண மண்டபமும் அரசன் இருந்த அரண்மனையும். குளத்துக்குள்ளேயே இறங்கி நிற்கிற ஒரு கட்டிடத்தைக் காட்டி, அரசிமார் குளித்த இடம் என்றார்கள்.

கண்டியின் கடைசி அரசனும் அவனுடைய அரசிமாரும் தமிழ் பேசியவர்கள் என்று யாரோ பெரியம்மாவுக்குச் சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து அவனைத் தூரத்து உறவினன் மாதிரித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அரண்மனையில் அவர் பார்க்க விரும்பியது குசினி. ஆனால் அரண்மனையின் ஒரு பகுதியில் வெள்ளைக்காரத் துரை குடியிருப்பதாகவும் உள்ளே போக முடியாது என்றும் காவல்காரன் சொன்னான்.

"துரை சமைக்கிறது அதே குசினியிலையோ எண்டு கேள்," என்றார் பெரியம்மா என்னிடம்.

காவல்காரனுக்குத் தெரியவில்லை.

மரத்தூண்கள் நிறைந்த அரசசபை மண்டபத்தைப் பார்த்தோம். ஒவ்வொரு தூணிலும் செதுக்குவேலை. ஐயா தூண்களை எண்ணினார். தலதா மாளிகையில் பூத்தட்டோடு வரிசையில் நின்று கும்பிட்டோம். வெளியே வந்ததும் பெரியம்மா உள்ளங்கையைப் பார்த்து, "திருநீறு தரேல்லை," என்றார். எதிர்ப்பக்கத்துத் தேவாலயம் ஒன்று கண்ணகியம்மனுடையது என்று தெரிந்ததும் அவருக்கு மனம் ஆறியது. ஊரை விட்டு இவ்வளவு தூரத்தில் அம்மனைக் கண்டது, தெரிந்தவர்களைச் சந்தையில் கண்ட மாதிரி இருந்ததாகச் சொன்னார்.

குளக்கரையில் நின்ற ஒரு கடைக்காரர் எங்களுக்குக் குளத்தின் கதையைச் சொன்னார். முன்பு அது வயல். கடைசி அரசன்தான் அணை கட்டி வயலைக் குளமாக்கினான். பெரியம்மா வயல் செய்த கமக்காரருடைய மகள். அவர் திகைத்து நின்றுவிட்டார்.

"வயலுக்குத் தண்ணி பாய்ச்சக் குளம் வெட்டுறது தெரியும். வயலைத் தாட்டுக் குளம் வெட்டினவனோ?" என்றார். பிறகு, "ராச்சியம் போனது சரிதான்," என்று உறவை முறித்துக்கொண்டார்.

முதல் நாள் மாலை மழை. குளத்தைச் சுற்றி ஒரு குடையும் வரவில்லை. இரண்டாம் நாள் மழை விட்டிருந்தது. நாலரை மணிக்கே நாங்கள் மூவரும் மதிலோரம் போய் நின்றோம். ஐயா மாப்பிள்ளையின் படத்தைப் பத்திரிகைக்குள் வைத்துப் பிடித்திருந்தார். ஐந்தேகாலுக்கு, நெட்டையாக மெலிந்த ஒருவர் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக வந்தார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணும் வந்தாள்.

"அவர்தான்," என்றார் பெரியம்மா. "கடுதாசி மெய்தான்."

பெண் பறங்கிச் சாதி. கவுணும் பூ வைத்த தொப்பியும் போட்டிருந்தாள். வயது எழுபதுக்குக் குறையாது.

ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். "பின்னாலை போவம்," என்றார்.

போனோம். அவர்கள் மெதுவாக நடந்தார்கள். நாங்கள் அதைவிட மெதுவாக நடக்க வேண்டியிருந்தது. அவர்கள் நின்று ஆமையைப் பார்த்தபோது நாங்களும் நின்று ஆமையைப் பார்த்தோம். அப்படிக் கால்வாசிக் குளம் போனது. அதற்கு மேல் பெரியம்மாவின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. மதிலில் உட்கார்ந்துகொண்டு, "நான் இதிலை இருந்தே பாக்கிறன். குளம் திறந்த வெளிதானே, எல்லாம் தெரியும்," என்றார்.

ஐயாவும் நானும் இன்னும் நூறு யார் தூரம் போயிருப்போம். பறங்கிக் கிழவி திடீரென்று திரும்பி, குடையை நீட்டிக்கொண்டு நேராக ஐயாவிடம் வந்தாள். இங்கிலீஷில் பேசினாள். தான் அரை மணித்தியாலமாக அவதானித்து வருவதாகவும், ஒரு மரியாதையான விதவையின் பின்னால் வயதான ஆள் ஒருவர் இப்படித் தொடர்ந்து வருவது வெட்கக்கேடு என்றும், பொலிஸ்காரனைக் கூப்பிடப் போவதாகவும் சொன்னாள்.

ஐயாவை ஒருவரும் அதுவரை அப்படிச் சந்தேகித்ததில்லை. அவர் தொப்பியைக் கழற்றினார். தன் முழுப் பெயரையும், பென்ஷன் எடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் என்பதையும், கடைசியாக வேலை பார்த்த நிலையத்தின் பெயரையும் சொன்னார். பெயரைக் கேட்டதும் மாப்பிள்ளையின் முகம் மாறியது. றெயில்வே என்றதும் கிழவியின் முகமும் மாறியது. அவளுடைய செத்துப்போன புருஷன் எஞ்சின் ஓட்டினவராம். அந்த நிலையத்தில் நின்று தேத்தண்ணீர் குடித்ததாக அவர் சொல்லியிருக்கிறாராம். குடை கீழே இறங்கியது. இரண்டு நிமிஷத்தில் அவள் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கினாள். தன் வீட்டில் ஓர் அறையில் மாப்பிள்ளை வாடகைக்கு இருப்பதாகவும், பொழுதுபட்டால் தனக்குக் கண் சரியாகத் தெரியாததால் அவர் கூட்டிக்கொண்டு நடப்பதாகவும் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. ஐயாவின் விசாரணை அத்துடன் முடிந்தது. மிச்சத் தூரம் அவர்கள் எஞ்சின்களைப் பற்றிக் கதைத்தார்கள்.

அதனால் நானும் மாப்பிள்ளையும் பத்தடி பின்னால் நடந்தோம். குளத்துக்கு அந்தப் பக்கம் பெரியம்மா வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தார்.

"நீங்கள்தான் கணக்குப் படிப்பிக்கிறவ எண்டு நினைக்கிறன்," என்றார்.

"ஓம்."

"கடுதாசி வந்ததோ?"

"வந்தது. ஆர் எழுதியிருப்பினம் எண்டு தெரியுமோ?"

"நான்தான் எழுதினனான்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"ஏன்?"

"கலியாணம் வேண்டாமெண்டு அம்மாவுக்கு மூண்டு தரம் சொன்னன். கேக்கேல்லை. பொம்பிளை வீட்டுக்காரர் தாங்களாய் விட்டிட்டால் அவ என்ன செய்யிறது? முந்தி ரெண்டு இடத்துக்கும் இதே கடுதாசிதான் போட்டனான். உடனை விட்டிட்டினம். ஒருத்தரும் வந்து பாக்கேல்லை." முன்னால் போன ஐயாவைப் பார்த்தார். "உங்கடை ஐயா றெயில்வே எண்டு தெரிஞ்சிருந்தால் வேறை மாதிரி எழுதியிருப்பன்."

"ஏன் உங்களுக்குக் கலியாணம் வேண்டாம்?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எனக்குச் சயரோகம் இருந்தது. ஒண்டரை வருஷம் ஆஸ்பத்திரியிலை கிடந்தனான். இப்ப சுகம். ரெண்டு வருஷமாய் ஒண்டும் இல்லை. டொக்டர் தினமும் நடக்கச் சொன்னவர், அதுதான் நடக்கிறன். அம்மா ஊரிலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. தூர இடத்துக்கு வேலை மாத்தம் எண்டு சொல்லி வைச்சிருந்தவ. மறைச்சுக் கட்ட எனக்கு மனமில்லை."

"அப்ப அதையே எழுதியிருக்கலாமே."

"அதை எழுதினால் என்ரை தங்கச்சிமாரை ஆர் கட்டுவினம்? பொம்பிளை விசயம் எண்டால் என்னோடை போயிடும்."

நான் கணக்குப் படிப்பிக்கிறவள். அவர் போட்ட கணக்கில் பிழை தெரியவில்லை.

"என்ரை அம்மா எதிலை செத்தவ எண்டு உங்கடை வீட்டுக்குச் சொன்னவை?" என்று கேட்டேன்.

"நெருப்புக் காய்ச்சல் எண்டு."

"நெருப்புக் காய்ச்சல் இல்லை."

அவர் நின்றுவிட்டார். "அப்ப..."

"ஓம். அதுதான்."

பதின்மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் மூன்று பேரும் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னதில்லை. வளவின் கோடியில் ஒரு கொட்டில் போட்டு அம்மாவை அதில் வைத்திருந்தார்கள். நான் சாப்பாட்டுக் கோப்பையைக் கொட்டில் வாசலில் வைத்துவிட்டு வேலியடிக்கு ஓடி வர வேண்டும். ஓடின பிறகுதான் அம்மா கையை நீட்டுவார். எனக்கு அவருடைய கை நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடைசி ஆறு மாதம் முகத்தைக் கண்ட ஞாபகம் இல்லை. இதையெல்லாம் யாரென்று தெரியாத ஒரு மனுஷரிடம், கண்டிக் குளத்து மதிலைப் பிடித்துக்கொண்டு சொல்லி முடித்தேன். அவர் என் பக்கத்தில் வராமல், கொஞ்சம் தள்ளியே நின்று கேட்டார். அந்த நேரம் முழுவதும் அவர் ஒரு தரமும் இருமவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"ஐயாவுக்குச் சொல்லுறதும் விடுறதும் உங்கடை விருப்பம்," என்றார் பிறகு. "நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்ல மாட்டன்."

"கடுதாசியிலை நீங்கள் எழுதினதே பொய்தானே."

"அதிலை எங்கை பொய்? பின்னேரத்திலை ஒரு பொம்பிளையோடை குளத்தைச் சுத்துறன்தானே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றி முடித்து வந்ததும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "அதிலை மரத்தடியிலை என்னத்துக்குச் சிரிச்சனீ?" என்பதுதான்.

மடத்தில் இரண்டு நாள் யோசித்தேன். திரும்பி வரும்போது, பொல்காவலையில் கோச்சி மாறி உட்கார்ந்த பிறகு, ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். ஐயா மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"சுகமாகி எத்தினை வருஷம்?"

"ரெண்டு."

"கொம்மாவின்ரை கதையையும் சொன்னியோ?"

"ஓம்."

இரண்டு மூன்று நிலையங்கள் போயின. அவர் தலையை நீட்டி நேரம் பார்க்கவில்லை. மாகோ தாண்டியதும், வெளியே பார்த்துக்கொண்டே, "நான் அவவை அந்தக் கொட்டிலிலை தனிய விட்டிருக்கக் கூடாது," என்றார்.

"டொக்டர் சொன்னபடிதானே செய்தனீங்கள்," என்றார் பெரியம்மா, கண்ணைத் திறக்காமல்.

அனுராதபுரத்தில் ஐயா தேத்தண்ணீர் வாங்கித் தந்தார். "ஒரு வருஷம் பாப்பம்," என்றார்.

ஒரு வருஷம் பார்த்தோம். ஏன் பிந்துகிறது என்று கேட்டவர்களிடம் ஐயா நாள் சரியில்லை என்று சொன்னார். அந்த ஒரு வருஷத்தில் மாப்பிள்ளை எனக்கு ஒன்பது கடிதம் எழுதினார். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டிருந்தார். தன் நிறையையும் எழுதுவார். நிறை கூடிக்கொண்டு போனது. வருஷ முடிவில் நெஞ்சை எடுத்த எக்ஸ்றே படம் ஒன்றைத் தபாலில் அனுப்பினார். ஐயா அதை முற்றத்து வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பெரியம்மாவும் பார்த்தார்.

"முந்தின படத்தைவிட இதிலை இன்னும் மெலிவு," என்றார்.

எங்கள் குடும்ப டொக்டரிடம் காட்டினோம். அவர் பயமில்லை என்றார். அடுத்த தையில் கலியாணம் நடந்தது. பறங்கிக் கிழவி வரவில்லை. ஐயாவுக்கு ஒரு பழைய எஞ்சினின் படத்தை அனுப்பியிருந்தாள்.

நாங்கள் கண்டியில், குளத்துக்கு மேலே மலைச்சரிவில் இரண்டறை வீடொன்றில் குடியிருந்தோம். நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். காலையில் தலதா மாளிகை மேளம் கேட்டு எழும்புவேன். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அவர் நெஞ்சுப் படம் எடுக்கப் போவார். அன்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டல் கணக்குக்கூடச் சரிவராது. போன நாளெல்லாம் நல்ல சேதியோடுதான் வந்தார். ஆனாலும் வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை நான் அடுப்பை மூட்டமாட்டேன்.

முதல் வருஷம் மாமியார் எங்களைப் பார்க்க வந்தார். மூத்த தங்கைக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மகன் கந்தோருக்குப் போன பிறகு, குசினியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். மூன்று வெங்காயத்தை உரித்து முடித்தார்.

"பிள்ளை, உனக்கு ஒண்டு சொல்ல வேணும்," என்றார். "கலியாணத்துக்கு முந்தியே சொல்லியிருக்க வேணும். தம்பிக்கு முந்தி ஒருக்கா... ஒரு பெரிய சளித் தடிமன் வந்தது."

"தடிமனோ மாமி?"

"ஓம். கனநாள் இருந்தது."

அவருடைய கண்ணில் தண்ணீர் வழிந்தது. வெங்காயமாகவும் இருக்கலாம்.

"இப்ப சுகம்தானே மாமி. ஒவ்வொரு நாளும் குளத்தைச் சுத்துறார்," என்றேன்.

"ஓம், ஓம். நடை தடிமனுக்கு நல்லது." கொஞ்சம் பொறுத்து என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "கொம்மாவுக்கு வந்தது நெருப்புக் காய்ச்சல்தானே?"

"நீங்கள் சொல்லுற தடிமன் மாதிரி ஒண்டுதான் மாமி," என்றேன்.

அவருடைய கை நின்றது. உரித்த வெங்காயத்தைச் சுளகில் வைத்துவிட்டு, எழும்பி வந்து என் தலையில் கையை வைத்தார். அந்தக் கை ஈரமாக, வெங்காய மணத்தோடு, நெடுநேரம் அங்கேயே இருந்தது. பிறகு, தேங்காய் துருவ வேண்டும், துருவலைப் பலகை எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.